கூப்பிட்டது யார்?

வேலைக்காக நாடு விட்டு நாடு போகிறவர்களைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே வாக்கியத்தில் போய் நிற்கிறது: வறுமை துரத்தியது, அதனால் போனார்கள். பாடப்புத்தகம், நாளிதழ்த் தலையங்கம், தொலைக்காட்சி விவாதம் எல்லாவற்றிலும் இதைக் கேட்கலாம். பல ஆண்டுகளாக இந்தப் பொருள் பற்றிப் படித்துவருகிறேன். படிக்கப் படிக்க அந்த வாக்கியத்தின் மேல் எனக்குக் கோபமே மிஞ்சுகிறது. வறுமை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் போகிறவர் மட்டும் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டவர் இல்லை. கூப்பிட்டவரை விட்டுவிட்டால் இந்தக் கதையில் எதுவும் புரியாது.

ஐக்கிய நாடுகள் சபையின் கணக்குப்படி, பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்கிறவர்கள் 2024இல் சுமார் 30.4 கோடிப் பேர். உலக மக்கள்தொகையில் 3.7 சதவீதம். அதாவது நூறு பேருக்கு நான்கு பேர்கூட இல்லை. நாடுகளுக்கு இடையிலான கூலி வித்தியாசமோ பல மடங்கு. ஏழ்மையும் கூலி வித்தியாசமும் மட்டுமே ஆட்களைக் கிளப்பிவிடும் என்றால் இந்த எண் இத்தனை சிறியதாக இருக்க முடியாது. தவிர, போகிறவர்கள் திசை தெரியாமல் சிதறிப் போவதும் இல்லை. அல்ஜீரியர்கள் பிரான்சுக்கும், துருக்கியர்கள் ஜெர்மனிக்கும், மெக்சிகோக்காரர்கள் அமெரிக்காவுக்கும், கரீபியத் தீவுக்காரர்கள் பிரிட்டனுக்கும் போனார்கள். இந்தத் தடங்கள் ஒவ்வொன்றையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு காலனி ஆட்சியோ, ஓர் ஆள்சேர்ப்பு அலுவலகமோ, இரண்டு அரசுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தமோ கிடைக்கிறது. பெரும்பாலும் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்கும்.

பெல்ஜியத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946 ஜூனில், இத்தாலியும் பெல்ஜியமும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. நொறுங்கிக் கிடந்த இத்தாலிக்கு நிலக்கரி வேண்டும். பெல்ஜியத்திடம் நிலக்கரி இருந்தது; ஆனால் அது பூமிக்கடியில் கிடந்தது, அதை வெட்டி எடுக்க உள்ளூர்க்காரர்கள் இறங்க மறுத்தார்கள். எனவே இத்தாலி ஆட்களை அனுப்பும், போகும் ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெல்ஜியம் நிலக்கரி தரும் என்று முடிவானது. மனிதர்களுக்கு எடை போட்டு நிலக்கரி கொடுத்த ஒப்பந்தம் அது. வாரத்துக்கு இரண்டாயிரம் பேர் என்று இலக்கு வைத்து ரயிலில் அனுப்பினார்கள். வந்தவர்களில் பலரைத் தங்கவைத்த இடம், போரின்போது கைதிகளை அடைத்து வைத்திருந்த கொட்டகைகள்.

1956 ஆகஸ்ட் 8ஆம் தேதி காலை, மார்சினெல் என்ற இடத்தில் இருந்த சுரங்கத்தில் தீப்பிடித்தது. 262 பேர் இறந்தார்கள். அவர்களில் 136 பேர் இத்தாலியர்கள். அதன் பிறகு இத்தாலி பெல்ஜியச் சுரங்கங்களுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. பெல்ஜியம் என்ன செய்தது என்பதைத்தான் நான் மறக்க முடியாமல் இருக்கிறேன். ஸ்பெயினோடும் கிரேக்கத்தோடும் பேசியது. 1964இல் மொராக்கோவோடும் துருக்கியோடும் ஒப்பந்தம் போட்டது. ஆபத்தான வேலை ஆபத்தானதாகவே தொடர்ந்தது, இறங்குகிறவர்களின் நாடு மட்டும் மாறிக்கொண்டே போனது. தொழில்மயமான நாடுகளுக்கு நடந்த தொழிலாளர் புலம்பெயர்வின் வரலாறு முழுவதிலும் இந்த அசைவைப் பார்க்கலாம். ஒரு நாட்டார் பேரம் பேசத் தொடங்கியதும் அடுத்த நாட்டின் கதவு தட்டப்படும்.

மேற்கு ஜெர்மனி இதைப் பெரிய அளவில் செய்தது. 1955 டிசம்பரில் இத்தாலியோடு தொடங்கி, 1960இல் ஸ்பெயின், கிரேக்கம், 1961இல் துருக்கி, பிறகு மொராக்கோ, போர்த்துகல், துனிசியா, 1968இல் யூகோஸ்லாவியா என்று ஒப்பந்தங்கள் நீண்டன. துருக்கி ஒப்பந்தம் 1961 அக்டோபர் 30ஆம் தேதியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் பெர்லின் சுவர் எழுந்தது. அதுவரை கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்த ஜெர்மன் தொழிலாளர்களின் வரவு ஒரே நாளில் நின்றது. தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. இஸ்தான்புல்லில் ஜெர்மானியர்கள் தொடர்பு அலுவலகம் திறந்து, விண்ணப்பித்தவர்களின் பல், நுரையீரல், கை வலிமை வரை சோதித்து, தேறியவர்களை மட்டும் ரயிலேற்றினார்கள். இப்படி ஒவ்வொருவராகப் பொறுக்கி எடுத்துக் கூட்டிக்கொண்டு போனதை ‘வந்து குவிந்தார்கள்’ என்று எழுத எப்படித்தான் மனம் வருகிறதோ.

1964 செப்டம்பர் 10ஆம் தேதி கொலோன் நகரத்தின் டாய்ட்ஸ் ரயில் நிலையத்தில் போர்த்துகல்லிலிருந்து வந்த அர்மாந்தோ ரொட்ரிகஸ் த சா என்ற தச்சர் இறங்கினார். பத்து லட்சமாவது ‘விருந்தினர் தொழிலாளி’ (ஒப்பந்தத்தில் வரவழைக்கப்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளியை அங்கே அப்படித்தான் அழைத்தார்கள்) இவர்தான் என்று முதலாளிகள் சங்கம் தீர்மானித்து வைத்திருந்தது. ஒலிபெருக்கியில் தன் பெயரைக் கேட்டதும், திருப்பி அனுப்பப் போகிறார்களோ என்று அவர் பயந்துபோனாராம். வாத்தியம் முழங்க, கையில் பூங்கொத்து கொடுத்து, ஒரு மொபெட்டைப் பரிசளித்தார்கள். அந்தப் புகைப்படம் ஜெர்மனியின் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. மொபெட், பான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருக்கு என்ன ஆயிற்று என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சில ஆண்டுகள் உழைத்தார், நோய்வாய்ப்பட்டார், ஊர் திரும்பினார், 1979இல் புற்றுநோயால் இறந்தார். சேமித்த பணம் மருத்துவத்துக்கே கரைந்தது. ஜெர்மனியில் பிடித்தம் செய்யப்பட்ட காப்பீட்டிலிருந்து தனக்கு உதவி பெறும் உரிமை இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. மொபெட் கொடுக்க ஆள் இருந்த இடத்தில், இந்த ஒரு தகவலைச் சொல்ல ஆள் இல்லை. தன் உரிமை தனக்குத் தெரியாமல் இருப்பது இன்றும் புலம்பெயர் தொழிலாளியின் பொது அடையாளமாகவே இருக்கிறது.

பணக்கார நாடுகளுக்கு ஏன் வெளியாட்கள் தேவைப்படுகிறார்கள்? ஆள் பற்றாக்குறை என்பது உடனடி விடை. ஆனால் வேலையில்லாதவர்கள் லட்சக்கணக்கில் இருக்கும்போதும் அந்த நாடுகளில் தோட்ட வேலைக்கும் இறைச்சி வெட்டும் வேலைக்கும் ஆள் கிடைப்பதில்லை. இதற்கு அமெரிக்கப் பொருளியலாளர் மைக்கேல் பியோர் 1979இல் தந்த விளக்கம் இன்றும் என்னைத் திருப்திப்படுத்துகிறது. வேலை என்பது கூலியை மட்டும் தருவதில்லை. சமூகத்தில் ஒரு படியையும் தருகிறது. அடிப்படியில் உள்ள வேலைக்கு உள்ளூர்க்காரர் வர வேண்டும் என்று அதன் கூலியை உயர்த்தினால், அதற்கு மேல் படியில் இருப்பவரும் தனக்கு உயர்வு கேட்பார். அவருக்கு மேலே இருப்பவரும் கேட்பார். அடியில் ஒரு ரூபாய் கூட்டினால் ஏணி முழுவதும் கூட்ட வேண்டியிருக்கும். அதைவிட, அந்த ஏணியிலேயே தன்னை வைத்துப் பார்க்காத ஒருவரைக் கூட்டிவருவது முதலாளிக்கு மலிவு. புதிதாக வந்தவர் தன் மதிப்பை வேலை செய்யும் நாட்டில் அளப்பதில்லை. பிறந்த மண்ணில் எழும்பும் வீட்டிலும், பிள்ளைகளின் படிப்பிலும் அளக்கிறார். அதனால்தான் அங்கே யாரும் தொடாத வேலையை இவர் தலை நிமிர்ந்து செய்கிறார்.

இதோடு முதுமையும் சேர்ந்துகொண்டது. ஜப்பானில் உழைக்கும் வயதினரின் எண்ணிக்கை 1995 வாக்கில் சுமார் 8.7 கோடியைத் தொட்டு, அதன் பிறகு இறங்கிக்கொண்டே வந்து இன்று 7.5 கோடிக்கும் கீழே இருக்கிறது. குழந்தைகள் பிறக்காத நாட்டில் முதியவர்களைக் குளிப்பாட்டவும் சோறூட்டவும் யாராவது வேண்டும்; எந்த இயந்திரமும் இன்னும் அந்த வேலைக்கு வந்து சேரவில்லை.

இனி, போகிறவர்கள் யார்? மிகவும் ஏழையானவர் போவதில்லை. போக முடியாது. கடவுச்சீட்டு, மருத்துவப் பரிசோதனை, முகவர் கமிஷன், டிக்கெட் எல்லாவற்றுக்கும் முன்பணம் வேண்டும், அல்லது கடன் கொடுக்க யாராவது நம்ப வேண்டும். அதனால்தான் ஒரு நாடு ஏழ்மையிலிருந்து மெல்ல எழும்போது வெளியேறுகிறவர்கள் குறைவதில்லை, கூடுகிறார்கள். தலைக்கு ஆண்டு வருமானம், நாட்டுக்கு நாடு உள்ள விலைவாசி வித்தியாசத்தைச் சரிசெய்த வாங்கும் திறன் கணக்கில், ஏறத்தாழப் பத்தாயிரம் டாலரைத் தொடும் வரை இந்த ஏற்றம் தொடர்கிறது என்று மைக்கேல் கிளெமென்ஸ் போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். படிப்பு வளர்கிறது, சாலை வருகிறது, வெளியுலகச் செய்தி வருகிறது, ஆசையும் கையில் கொஞ்சம் பணமும் சேர்ந்து வருகின்றன. ‘உதவித்தொகை கொடுத்து அவர்களை அங்கேயே இருக்கச் செய்வோம்’ என்று மேடையில் பேசும் தலைவர்கள் இதைப் படித்தார்களா என்று தெரியவில்லை.

போவது என்று முடிவெடுப்பவரும் பெரும்பாலும் தனி ஆள் இல்லை, குடும்பம். 1985 வாக்கில் ஓடெட் ஸ்டார்க், டேவிட் புளூம் இருவரும் இதைப் பொருளியலுக்குள் கொண்டுவந்தார்கள். பயிர்க் காப்பீடு இல்லாத, வங்கி கடன் தராத இடத்தில், ஒரு பிள்ளையை வெளியே அனுப்புவதுதான் குடும்பத்தின் காப்பீடும் வங்கியும். மழை பொய்த்தால் நிலம் கைவிடும். தொலைவில் இருக்கும் மகனின் சம்பளத்தை அந்த மழை தொடாது. இது தெளிவாகக் கணக்குப் போட்டுச் செய்யும் காரியம். புலம்பெயர்கிறவர்களை நிராதரவானவர்களாக மட்டும் வரைகிறவர்கள் இந்தக் கணக்கறிவைப் பார்ப்பதே இல்லை. முதலில் போனவர் அடுத்தவருக்கு வேலை சொல்கிறார், தங்க இடம் தருகிறார், மொழி கற்றுத் தருகிறார். ஒவ்வொருவரும் அடுத்தவரின் செலவையும் பயத்தையும் குறைக்கிறார்கள். சில ஆண்டுகளில், தொடக்கத்தில் இருந்த காரணம் மறைந்துபோனாலும் போக்குவரத்து நிற்பதில்லை.

இடையில் நிற்கிறவர் முகவர். தனியார் வேலைவாய்ப்பு நிறுவனங்கள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது. நடைமுறையில் ஆள் வேண்டும் என்று கேட்பவர் கொடுக்க வேண்டிய செலவை ஆள்தான் கொடுக்கிறார், வட்டியோடு. இந்தக் கடன் வெறும் பணப் பிரச்சினை இல்லை. முதல் ஓராண்டோ இரண்டாண்டோ கடனுக்கே உழைக்கிறவர் சம்பளக் குறைப்பை எதிர்த்துப் பேச மாட்டார், அடிபட்டாலும் விடுப்பு கேட்க மாட்டார். முதலாளி மிரட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. தென்கொரியா 2004இல் தொடங்கிய வேலை அனுமதி முறை, தனியார் முகவர்களை ஒதுக்கிவிட்டு, கொரிய மொழித் தேர்வு வைத்து அரசுக்கு அரசு என்று ஆள் எடுக்கிறது. போவதற்கான செலவு அதனால் வெகுவாகக் குறைந்தது. விருப்பம் இருந்தால் முடியும் என்பதற்கு அது சான்று. அதே கொரியா, முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமையை மட்டும் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த முதலாளியோடு கட்டிவைப்பதுதான் எல்லாக் கேடுகளுக்கும் வேர் என்று நான் நினைக்கிறேன். கனடாவின் பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டம் 1966இல் ஜமைக்காவோடு தொடங்கியது. 1974இல் மெக்சிகோ சேர்ந்தது. ஆண்டுக்கு எட்டு மாதம் வரை வேலை, பிறகு ஊர். பல பேர் இருபது முப்பது ஆண்டுகள் இப்படி வந்து போகிறார்கள். அவர்களின் அனுமதிச் சீட்டு ஒரு குறிப்பிட்ட பண்ணையோடு கட்டப்பட்டிருக்கிறது. பண்ணைக்காரருக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு அழைப்பு வராது. நல்ல மனம் படைத்த பண்ணைக்காரர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒருவருடைய நல்ல மனத்தை நம்பித்தான் இன்னொருவர் மூச்சு விட முடியும் என்றால் அந்தச் சட்டம் சரியில்லை. கனடாவின் தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளர் திட்டங்கள் நவீன அடிமைமுறை வளர இடம் கொடுக்கின்றன என்று ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் டோமோயா ஒபோகாட்டா 2023இல் அந்த நாட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

ஸ்பெயினில் நடப்பது எனக்கு இதையும்விட வலிக்கிறது. தெற்கே உவெல்வா மாகாணத்தில் ஸ்ட்ராபெரி பறிக்க, 2000களின் நடுப்பகுதியிலிருந்து மொராக்கோப் பெண்களை ஒப்பந்தத்தில் கூட்டிவருகிறார்கள். தேர்வில் முன்னுரிமை யாருக்குத் தெரியுமா? ஊரில் சிறு குழந்தைகளை விட்டுவரும் தாய்மார்களுக்கு. குழந்தை அங்கே இருந்தால் பருவம் முடிந்ததும் தாய் தவறாமல் திரும்பிப் போவாள் அல்லவா? தாயின் பாசத்தையே பிணையாக எழுதி வாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை ஒழுங்கான, முன்மாதிரியான புலம்பெயர்வு என்று பாராட்டியவர்களும் உண்டு. ஐரோப்பியக் கடைகளில் குளிர்கால முடிவில் வந்து குவியும் சிவந்த பழங்களுக்குப் பின்னால், எங்கோ பாட்டியிடமோ அத்தையிடமோ வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மெத்தப் படித்தவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் எச்-1பி விசா ஆண்டுக்கு 65,000, அங்கேயே மேற்படிப்பு முடித்தவர்களுக்கு இன்னும் 20,000 என்று வரம்பிடப்பட்டது. அதுவும் முதலாளி விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். வேலை போனால் பொதுவாக 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலையோ வேறு விசாவோ கிடைக்காவிட்டால் வீட்டுக் கடனையும் பிள்ளையின் பள்ளியையும் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கான (கிரீன் கார்டு) வரிசையில் ஒரு நாட்டவருக்கு இத்தனை சதவீதம்தான் என்ற வரம்பு இருப்பதால், இந்தியர்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்கிறார்கள். சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பயத்தின் வடிவம் ஒன்றுதான்.

இந்த எல்லாத் திட்டங்களும் ஒரு கற்பனையின் மேல் நிற்கின்றன: உழைப்பு வரும், உழைப்பவர் தங்க மாட்டார். ஜெர்மனி முதலில் துருக்கியர்களுக்கு இரண்டாண்டு வரம்பு வைத்தது. 1964இல் அந்த வரம்பை நீக்கச் சொன்னவர்கள் யாரோ மனித உரிமைப் போராளிகள் இல்லை, முதலாளிகள்தான். பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புதியவருக்கு மறுபடியும் முதலிலிருந்து கற்றுக்கொடுப்பது அவர்களுக்கு நஷ்டம். 1955 முதல் 1973 வரை சுமார் 1.4 கோடிப் பேர் வந்தார்கள், சுமார் 1.1 கோடிப் பேர் திரும்பிப் போனார்கள். மிகப் பெரும்பாலோர் தாங்களாகவே திரும்பினார்கள் என்பதைக் கவனியுங்கள். 1973 நவம்பர் 23ஆம் தேதி ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. அதுவரை, ‘ஒரு வருடம் ஊரில் இருந்து பார்ப்போம், முடியாவிட்டால் மறுபடி வரலாம்’ என்று இருந்தவர்களுக்கு, போனால் திரும்ப முடியாது என்று ஆகிவிட்டது. எனவே போகவில்லை. மனைவி மக்களைக் கூட்டிவந்தார்கள். 1973இல் சுமார் 40 லட்சமாக இருந்த வெளிநாட்டவர் எண்ணிக்கை 1980இல் 45 லட்சத்தை நெருங்கியது.

அமெரிக்கா இதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை. 1942இல் போர்க்காலத் தேவைக்காகத் தொடங்கிய பிராசெரோ திட்டத்தில், 1964இல் அது முடியும் வரை, மெக்சிகோக்காரர்களுக்கு சுமார் 46 லட்சம் ஒப்பந்தங்கள் வழங்கப்பட்டன. வந்தவர்களின் மேல் டிடிடி பூச்சிமருந்து தூவினார்கள். தொடக்க ஆண்டுகளில் கூலியில் பத்து சதவீதத்தைச் சேமிப்பு என்று பிடித்தார்கள். பலருக்கு அந்தப் பணம் கடைசிவரை கிடைக்கவே இல்லை. திட்டம் முடிந்தது, வேலை முடியவில்லை. அதே மனிதர்கள் அதே வயல்களுக்கு ஆவணமில்லாமல் வந்து, பருவம் முடிந்ததும் திரும்பிப் போனார்கள். 1986இல் சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு, குறிப்பாக 1993-94 முதல், எல்லையை இறுக்கினார்கள். கடப்பது ஆபத்தாகவும் செலவாகவும் ஆனதும் திரும்பிப் போகும் பழக்கம் செத்துப்போனது. ஆவணமில்லாதவர்கள் 1990இல் சுமார் 35 லட்சம், 2007இல் 1.2 கோடிக்கும் மேல். டக்ளஸ் மாஸி என்ற சமூகவியலாளர் பல பத்தாண்டுகள் மெக்சிகோ ஊர்களில் ஆய்வு செய்து இதைத்தான் சொன்னார்: வேலி உள்ளே வருவதைத் தடுத்ததைவிட, வெளியே போவதைத்தான் அதிகம் தடுத்தது.

உள்ளூர்க்காரரின் கூலி குறைகிறதே என்ற கேள்வி நியாயமானது. அதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. பிராசெரோ திட்டம் முடிவுக்கு வந்ததன் முக்கியக் காரணமே அமெரிக்க விவசாயக் கூலியை உயர்த்த வேண்டும் என்பதுதான். கிளெமென்ஸும் உடன் ஆய்வாளர்களும் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, அப்படிக் கூலி உயர்ந்ததற்கான தடயம் கிடைக்கவில்லை. கலிபோர்னியத் தக்காளிப் பண்ணைகள் அறுவடை இயந்திரங்களுக்கு மாறிக்கொண்டன. கைவேலை அதிகம் தேவைப்பட்ட சில பயிர்களைக் குறைத்துக்கொண்டார்கள். ஆட்களை விரட்டினால் கூலி தானாக உயரும் என்பது அவ்வளவு எளிதாக நடப்பதில்லை. கூலியை இறக்குவது புதியவரின் வருகை என்பதைவிட, அவருடைய வாய் கட்டப்பட்டிருப்பதுதான். பக்கத்தில் நிற்பவர் எதிர்த்துப் பேச முடியாதவராக இருந்தால் உங்கள் பேச்சுக்கும் வலு இருக்காது.

பெண்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். 2022இல் உலகில் வேலைச் சந்தையில் இருந்த புலம்பெயர்ந்தோர் 16.77 கோடிப் பேர் என்றும், அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் அதிக வருமான நாடுகளில் இருக்கிறார்கள் என்றும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிடுகிறது. ஏறத்தாழ ஆறரைக் கோடிப் பேர் பெண்கள். பணக்கார நாட்டில் ஒரு பெண் அலுவலகம் போக, அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏழை நாட்டிலிருந்து ஒரு பெண் வருகிறாள். வந்தவளின் குழந்தையை அங்கே இன்னும் ஏழையான ஒருத்தியோ மூத்த மகளோ பார்த்துக்கொள்கிறாள். அரவணைப்புக்கும் ஓர் ஏற்றுமதிச் சங்கிலி உண்டு என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்டு சுட்டிக்காட்டினார். அதன் கடைக்கோடியில் இருப்பவருக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை.

அனுப்பும் நாடுகளின் அரசுகள் இதைப் பற்றி அதிகம் பேசாததற்குக் காரணம் பணம். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்குத் தொழிலாளர்கள் அனுப்பிய தொகை 2023இல் சுமார் 65,600 கோடி டாலர் என்றது உலக வங்கி. ஒரு நாட்டின் உதவித்தொகையைவிட இது நேராக அடுப்படிக்குப் போய்ச் சேரும் பணம் என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். அதை அனுப்பவே சராசரியாக ஆறு சதவீதத்துக்கும் மேல் கட்டணம் போகிறது என்பதும் உண்மை. 2030க்குள் மூன்று சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் இலக்கு. ஆனால் கணக்கின் மறுபக்கத்தை யாரும் எழுதுவதில்லை. ஒரு மனிதரைப் பெற்று, தடுப்பூசி போட்டு, சோறிட்டு, பள்ளிக்கு அனுப்பி இருபது வயதுவரை ஆளாக்கும் செலவை ஏழை நாடு செய்கிறது. உழைக்கத் தயாரான வயதில் அவரைப் பெறும் நாடு அந்தச் செலவில் ஒரு காசும் கொடுக்கவில்லை. உடல் தளர்ந்ததும் அவர் திரும்பிப் போனால் முதுமையின் செலவும் ஏழை நாட்டுக்கே. இந்தச் சலுகைக்கு முன்னால் வெளிநாட்டு உதவி என்று சொல்லப்படுவது எம்மாத்திரம்?

சட்டத்தை மாற்ற முடியாதா? 1990இல் ஐக்கிய நாடுகள் சபை புலம்பெயர் தொழிலாளர்கள், அவர்களின் குடும்பத்தினர் அனைவரின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை நிறைவேற்றியது. அது 2003இல் நடைமுறைக்கு வந்தது. ஆட்களை அனுப்பும் நாடுகள்தான் அதில் சேர்ந்திருக்கின்றன. மேற்கு ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவின் பணக்கார நாடுகளிலோ ஒன்றுகூட அதை ஏற்கவில்லை. ஆனால் மனம் வைத்தால் மாறுகிறது. 2020 வசந்தத்தில் எல்லைகள் எல்லாம் மூடியிருந்தபோது, தண்ணீர்விட்டான் கிழங்கு வகையைச் சேர்ந்த அஸ்பராகஸ் தண்டுகளை அறுக்க ருமேனியத் தொழிலாளர்களைத் தனி விமானங்களில் ஜெர்மனி வரவழைத்தது. சில வாரங்களில் அந்த நாட்டின் இறைச்சிக்கூடங்களில் நெருக்கியடித்துத் தங்கவைக்கப்பட்டிருந்த தொழிலாளர்களிடையே கொரோனா கொத்துக் கொத்தாகப் பரவியது. பல ஆண்டுகளாக முடியாது என்று சொல்லப்பட்டுவந்த, வேறொரு நிறுவனம் வழியாக ஆள் வைத்துக்கொள்ளும் துணை ஒப்பந்த முறைக்கான தடை, 2021 ஜனவரியில் பெரிய இறைச்சிக்கூடங்களுக்குச் சட்டமானது. ஜப்பான், 1993 முதல் ‘தொழிற்பயிற்சி’ என்ற பெயரில் மலிவாக ஆள் எடுத்துவந்த திட்டத்தை முடித்துக்கொள்ள 2024இல் சட்டம் இயற்றியிருக்கிறது. 2027இல் வரப்போகும் புதிய முறையில், ஓரிரு ஆண்டுகளுக்குப் பிறகு, நிபந்தனைகளோடு, தொழிலாளி தானாகவே வேறு முதலாளியிடம் போகலாம். இந்தச் சின்ன வாசலைத் திறக்க அவர்களுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

அரசுகள் கொடுத்தது போக, தொழிலாளர்கள் தாங்களே வாங்கிக்கொண்டதும் உண்டு. 1973 ஆகஸ்டில் ஜெர்மனியில் இரண்டு வேலைநிறுத்தங்கள் நடந்தன. நாய்ஸ் நகரத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில், துருக்கி, கிரேக்கம், யூகோஸ்லாவியா, இத்தாலி, ஸ்பெயின் நாட்டுப் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். ஆண்களைப் போலவே பாடுபட்டும், ‘இலகு வேலை’ என்ற பெயரில் தங்களுக்கென்று வைத்திருந்த கடைசிக் கூலிப்பிரிவை ஒழிக்க வேண்டும் என்பது கோரிக்கை. சில நாட்களில் ஜெர்மன் தொழில்வினைஞர்களும் அவர்களோடு வந்து நின்றார்கள். அந்தக் கூலிப்பிரிவு ஒழிந்தது. எல்லோருக்கும் கூலி உயர்ந்தது. அதே மாதக் கடைசியில் கொலோன் நகரத்தின் ஃபோர்டு தொழிற்சாலையில், விடுமுறையிலிருந்து தாமதமாகத் திரும்பிய துருக்கியர்கள் சுமார் முந்நூறு பேரை வேலையை விட்டு நீக்கியதற்கு எதிராகத் துருக்கியத் தொழிலாளர்கள் இயந்திரங்களை நிறுத்தினார்கள். அங்கே ஜெர்மானியர்களில் பெரும்பாலோர் விலகி நின்றார்கள். ஒரு வாரத்துக்குள் போலீஸ் உள்ளே புகுந்தது, முன்னின்றவர்கள் கைது செய்யப்பட்டார்கள், பலருக்கு வேலை போனது.